அம்மாவின் வைப்புத்தொகையை மீட்டுத் தந்த 30 நாட்கள்

கும்பகோணத்தில் தனியாக வசிக்கும் என் தாயாருக்கு, தந்தையாரின் குடும்ப ஓய்வூதியமாக மாதம் 19,000 ரூபாய் வருகிறது. அதைத் தவிர அவருக்கென்று இருந்தது, தந்தையாரின் பணிக்கொடையிலிருந்து போட்டு வைத்த 6 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை மட்டுமே. 2024 ஜூன் மாத இறுதியில் அது முதிர்வடைந்தது. புதுப்பிப்பதற்காக வங்கிக்குச் சென்ற அம்மாவிடம், பல ஆண்டுகளாகப் பழகிய ஓர் அலுவலர், நாலரை லட்சத்தை வழக்கம்போல் போட்டுவிடலாம் என்றும், மீதி ஒன்றரை லட்சத்தைக் கூடுதல் வட்டி தரும் ஐந்து வருட ஸ்கீம் ஒன்றில் போட்டால் பிற்காலத்திற்கு நல்லது என்றும் சொல்லியிருக்கிறார். அம்மா அவர் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. "எல்லாக் கேள்விக்கும் ஆமாம்னு மட்டும் சொல்லிடுங்கம்மா, அப்பதான் ஸ்கீம் ஆரம்பிக்கும்" என்று அந்த அலுவலர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால், அம்மாவும் அப்படியே சொல்லியிருக்கிறார்.

ஆடிப்பெருக்கிற்காக ஆகஸ்ட் 3, சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது, வட்டி வரவாகிவிட்டதா பார் என்று பாஸ்புக்கை என்னிடம் நீட்டினார். அதில் ஒரு பற்றுப் பதிவு கண்ணில் பட்டது: 1,56,750 ரூபாய். நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் கற்பிப்பவன். யாரும் வைப்புத்தொகையை இப்படி உதிரித் தொகையாகப் போடுவதில்லை. ஒன்றரை லட்சத்திற்கு மேல் நிற்கும் 6,750 ரூபாய், ஒன்றரை லட்சத்தின் நாலரை சதவீதம். சேமிப்பு வகை ஆயுள் காப்பீட்டின் முதலாண்டுப் பிரீமியத்திற்கு அப்போது விதிக்கப்பட்டிருந்த சரக்கு மற்றும் சேவை வரி சரியாக அதே நாலரை சதவீதம்தான். ஏதாவது தபால் வந்ததா என்று கேட்டேன். "பேங்குலேருந்து வந்த பத்திரம்ப்பா. பத்திரமா வெச்சுக்கச் சொன்னாங்க, வெச்சிருக்கேன்" என்று சொல்லி, பீரோவில் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் இருந்த உறைக்கு அடியிலிருந்து அதை எடுத்துத் தந்தார்.

அது ஆயுள் காப்பீட்டு பாலிசிப் பத்திரம். காலம் 15 ஆண்டு, பிரீமியம் செலுத்த வேண்டியது 10 ஆண்டு, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். அம்மாவுக்கு அப்போது வயது 62. ஆண்டு ஓய்வூதியமான 2,28,000 ரூபாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை 72 வயது வரை அவர் கட்டியாக வேண்டும். முன்மொழிவுப் படிவத்தின் நகலில் அவரது தொழில் "வணிகம்" என்றும், ஆண்டு வருமானம் 8 லட்சம் என்றும் எழுதப்பட்டிருந்தது. அந்த எழுத்து அம்மாவுடையது அன்று. கீழே இருந்த கையெழுத்து அவருடையது.

இந்த இடத்தில்தான் நாள் கணக்கு வருகிறது. பாலிசிப் பத்திரம் கையில் கிடைத்த நாளிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்குள், நிபந்தனைகள் உடன்பாடில்லை என்று எழுதிக் கொடுத்து அதைத் திருப்பி அனுப்பிவிடும் உரிமை ஆயுள் காப்பீடு வாங்கும் எல்லோருக்கும் உண்டு. ஃப்ரீ லுக் காலம் என்று காப்பீட்டுத் துறையில் அதைச் சொல்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2002 ஆம் ஆண்டு விதிகளிலேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அப்போதும், 2017 இல் விதிகள் திருத்தப்பட்ட பின்னும், வங்கியிலோ முகவரிடமோ நேரில் வாங்கிய காகித பாலிசிக்குக் கிடைத்த அவகாசம் 15 நாட்கள் மட்டுமே. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அதை எல்லோருக்கும் 30 நாட்களாக்கின.

அம்மாவின் பத்திரம் கூரியரில் வந்தது ஜூலை 12 ஆம் தேதி. உறையை அவர் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் அந்தத் தேதி எனக்குத் தெரிந்தது. நான் அதைக் கையில் எடுத்தது 22 ஆம் நாள். பழைய விதியாக இருந்திருந்தால் ஜூலை 27 ஆம் தேதியோடு கதவு மூடியிருக்கும். நான்கு மாதங்களுக்கு முன் எங்கோ ஓர் அலுவலகத்தில் ஓர் எண் மாற்றி எழுதப்பட்டதனால், அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு இன்னும் எட்டு நாட்கள் மிச்சமிருந்தன. ஒழுங்குமுறை என்ற சொல்லை வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்றுதான் அதன் பொருள் எனக்கு முழுவதுமாகப் புரிந்தது.

அந்த மாற்றத்தின் மதிப்பு எனக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், 2007 இல் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன் என்பதுதான். பங்குச்சந்தையுடன் இணைந்த யூலிப் பாலிசி ஒன்றை, மூன்று வருடம் கட்டினால் போதும், பிறகு பணம் தானாக வளரும் என்ற வாக்குறுதியை நம்பி ஆண்டுக்கு 25,000 ரூபாய்க்கு எடுத்தேன். முதல் ஆண்டுக் கணக்கு அறிக்கையில், ஒதுக்கீட்டுக் கட்டணம் என்று 7,500 ரூபாயைக் கழித்துவிட்டு, மீதியைத்தான் முதலீடு செய்திருந்தார்கள். எம்.காம். படித்திருந்தும், கையெழுத்திட்ட படிவத்தின் ஆறாம் பக்கத்தில் இருந்த கட்டண அட்டவணையை நான் வாசிக்கவில்லை. நிதி அறிவு பெற்றால் மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்வார்கள் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறாம் பக்கம் நினைவுக்கு வருகிறது. அறிவு அவசியம்தான், ஆனால் விற்பவருக்கு மாதந்தோறும் டார்கெட் இருக்கும் இடத்தில், வாங்குபவரின் அறிவை மட்டும் காவலுக்கு நிறுத்துவது நியாயமாகாது.

அந்தக் காலத்தில் முதலாண்டுப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை, புதிய நிறுவனங்களில் 40 சதவீதம் வரை, கமிஷனாகத் தரச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. 2009 ஆகஸ்ட் 1 முதல், பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி, மியூச்சுவல் ஃபண்டுகளில் நுழைவுக் கட்டணத்தை முற்றிலும் தடை செய்தது. அதுவரை முதலீட்டாளரின் பணத்திலிருந்து சுமார் 2.25 சதவீதம் எடுத்துக்கொள்ளப்பட்டு வந்தது. பக்கத்து வாசலில் இருந்த யூலிப்பில் கட்டணம் அப்படியே தொடர்ந்தது. 2010 ஏப்ரலில் 14 காப்பீட்டு நிறுவனங்கள் தன் அனுமதியின்றி யூலிப் விற்கக் கூடாது என்று செபி உத்தரவிட, காப்பீட்டு ஆணையம் அதை எதிர்க்க, இரு அமைப்புகளும் வெளிப்படையாக மோதிக்கொண்டன. ஜூன் மாதம் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, யூலிப் காப்பீட்டு ஆணையத்தின் பொறுப்பே என்று முடித்துவைத்தது. செய்தித்தாள்கள் அதை அதிகாரப் போட்டியாக எழுதின. வாங்கியவன் என்ற முறையில் எனக்கு அதன் பயன் வேறாகத் தெரிந்தது, ஏனென்றால் அந்த மோதலின் சூட்டில்தான் 2010 செப்டம்பர் 1 முதல் யூலிப்களுக்குக் கட்டண வரம்பு வந்தது. பணத்தை வெளியே எடுக்க முடியாத பூட்டு காலம் மூன்றிலிருந்து ஐந்தாண்டுகளாயிற்று. முதலாண்டிலேயே நிறுத்திவிடுபவரிடமிருந்து, ஆண்டுப் பிரீமியம் 25,000 ரூபாய்க்கு மேல் இருந்தாலும், நிறுத்தக் கட்டணமாக 6,000 ரூபாய்க்கு மேல் பிடிக்க முடியாது என்ற நிலை உருவாயிற்று. என் 7,500 ரூபாய் திரும்ப வரவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களின் பணம் தப்பியது.

அம்மாவின் பாலிசி விவகாரத்திற்குப் பிறகு, இப்படியான விற்பனையைப் பற்றி யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் ஆகிய மூவரும் 2014 இல் வெளியிட்ட ஆய்வொன்று என்னைத் தூங்கவிடவில்லை. தவறாக விற்கப்பட்டுப் பாதியில் கைவிடப்பட்ட ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகளால், 2004-05 முதல் 2011-12 வரையிலான காலத்தில், இந்தியர்கள் சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயை இழந்திருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. என்னைப் போன்றவர்கள் அந்த இழப்பைச் சொந்த அசட்டுத்தனம் என்று எண்ணி வெளியே சொல்லாமல் மறைத்துக்கொண்டோம். அவரவர் வீட்டுக்குள் வெட்கமாகக் கிடந்ததை, யாரோ மூவர் அமர்ந்து கூட்டிப் பார்த்தபோது அது நாட்டின் பிரச்சினையாகியது. புகார் செய்யாதவர்களின் நஷ்டத்தையும் கணக்கில் கொண்டுவர ஆராய்ச்சியால் மட்டுமே முடியும் என்று நான் நம்புவது இதனால்தான்.

இன்னொன்று சந்தோஷ் அனகோல், ஷான் கோல், ஷயக் சர்க்கார் மூவரும் செய்த ஆய்வு. வாடிக்கையாளர் போல நடிக்கப் பயிற்சி பெற்றவர்களைக் காப்பீட்டு முகவர்களிடம் அனுப்பி, என்ன ஆலோசனை கிடைக்கிறது என்று பதிவு செய்தார்கள். குடும்பத்தின் பாதுகாப்புக்கு மட்டும் காப்பீடு வேண்டும் என்று கேட்டு வந்தவருக்கும், இறப்புக்கு மட்டும் இழப்பீடு தரும், குறைந்த செலவுள்ள டேர்ம் பாலிசியை விட்டுவிட்டு, கமிஷன் அதிகமுள்ள முழு ஆயுள் பாலிசியையே பெரும்பாலான முகவர்கள் பரிந்துரைத்தார்கள். அதைவிடக் கூர்மையான கண்டுபிடிப்பு ஒன்றும் அதில் உண்டு. 2010 ஜூலையில் யூலிப் விற்பவர்கள் தங்கள் கமிஷனை வாடிக்கையாளரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்ற விதி வந்ததும், முகவர்கள் யூலிப்பைப் பரிந்துரைப்பது குறைந்தது. அதற்குப் பதிலாக அவர்கள் கைகாட்டியது, கமிஷனை வெளியிடத் தேவையில்லாத பழைய வகைப் பாலிசிகளை. வரப்பில் ஓர் இடத்தில் மட்டும் அடைத்தால் தண்ணீர் அடுத்த உடைப்பில் பாயும் என்பதைக் காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் யூலிப்புக்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து என் தாயாரின் தலையில் கட்டப்பட்டது, சந்தையோடு சம்பந்தமில்லாத அந்தப் பழைய வகைப் பாலிசிதான்.

திங்கட்கிழமை, 24 ஆம் நாள் காலை, வங்கிக்குப் போனோம். அலுவலர் மரியாதையாகவே பேசினார். இப்போது ரத்து செய்தால் பெரிய தொகை நஷ்டமாகும், ஓராண்டு பொறுங்கள், மேலாளர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அடுத்த வாரம் என்றால் 30 நாள் முடிந்திருக்கும். 30 ஆம் நாளான ஆகஸ்ட் 11 ஞாயிற்றுக்கிழமை, அதற்கு முந்தைய நாள் இரண்டாம் சனிக்கிழமை. அவர் வேண்டுமென்றே நாளைக் கடத்தினாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஓராண்டு பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியும். அம்மாவுடையது போன்ற பாலிசிகளில், ஒரே ஓர் ஆண்டுப் பிரீமியம் கட்டிவிட்டு நிறுத்தியவருக்கு அதுவரை பொதுவாக ஒரு பைசாவும் திரும்பக் கிடைக்காது. முதலாண்டு முடிந்த பின் வெளியேறுபவருக்கும் சரண்டர் மதிப்பு என்று ஒரு தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 1 முதல்தான் செயலுக்கு வந்தது.

வங்கி விற்பனை செய்த இடம் மட்டுமே, ரத்து செய்ய வேண்டியது காப்பீட்டு நிறுவனம் என்பதால், அங்கிருந்து நேராகத் தஞ்சாவூரில் இருந்த அந்த நிறுவனத்தின் கிளைக்குப் பேருந்து ஏறினோம். கடிதத்தை முந்தைய இரவே எழுதி வைத்திருந்தேன். பாலிசி எண், பத்திரம் கிடைத்த தேதி, ஃப்ரீ லுக் காலத்திற்குள் ரத்து கோருகிறேன் என்ற ஒரே ஒரு கோரிக்கை, காரணமாக வைப்புத்தொகை என்று சொல்லி விற்கப்பட்டது, தொழிலும் வருமானமும் தவறாக நிரப்பப்பட்டுள்ளன என்ற இரண்டு வரிகள், இவ்வளவுதான் அதில் இருந்தன. கோபத்தையெல்லாம் கொட்டி நான்கு பக்கம் எழுதிய முதல் வரைவைக் கிழித்துப் போட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் அதில் ரத்து கோரிக்கை மூன்றாம் பக்கத்தில் புதைந்து கிடந்தது. மூலப் பத்திரம், ரத்து செய்த காசோலை ஒன்று, கூரியர் உறையின் நகல் ஆகியவற்றை இணைத்தோம். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் தேதியுடன் முத்திரை வாங்கும் வரை அங்கிருந்து நகரவில்லை. "வெச்சுட்டுப் போங்க சார், அனுப்பிடறோம்" என்று இரண்டு முறை சொன்னார்கள். முத்திரை இல்லாமல் போயிருந்தால், எந்த நாளில் கொடுத்தோம் என்பதற்கு எங்களிடம் சாட்சி இருந்திருக்காது. அன்று மாலையே அதே கடிதத்தை நிறுவனத்தின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கும் அனுப்பினேன்.

அடுத்த வாரத்தில் பணம் வந்தது. முத்திரைத் தீர்வைக்கும், காப்பு நடப்பில் இருந்த சில நாட்களுக்கான தொகைக்கும் பிடித்தம் போக, மற்றதெல்லாம் அம்மாவின் கணக்கில் சேர்ந்தது. விதி அனுமதிக்கும் பிடித்தம் அவ்வளவுதான். மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவும் கழிந்திருக்கும். வங்கியில் எச்சரித்த பெரிய நஷ்டம் எதுவும் நேரவில்லை.

எங்களுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு, அம்மாவின் தெருவில் இருக்கும் ஓர் அத்தை தன்னிடமிருந்த பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதே மாதிரியான பாலிசி, ஆனால் வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. 30 நாள் வழி அவருக்கு இல்லை. அவருக்காக இரண்டாவது வாசலைத் தட்டினோம். முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்துப்பூர்வமான புகார். அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதத்திற்குள் பதில் தராவிட்டாலோ, காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, இணையவழியாகவும் புகார் கொடுக்கலாம். அவர் வழங்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு 2023 இல் 30 லட்சத்திலிருந்து 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், நமக்கு அது ஏற்பில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றத்திற்குப் போக வழி இருக்கிறது. ஆனால் ஒரே விஷயத்தை முன்கூட்டியே நீதிமன்றத்தில் தொடுத்துவிட்டால் இங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆகையால் வரிசை முக்கியம்.

நிறுவனம் தன் தரப்பில் அத்தையின் சரிபார்ப்பு அழைப்பின் ஒலிப்பதிவைக் காட்டியது. எல்லாக் கேள்விக்கும் அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தார். அதை எதிர்த்து நின்றது ஒரே ஒரு காகிதம்: அவரது ஓய்வூதியப் புத்தகம். படிவத்தில் எழுதியிருந்த வருமானத்திற்கும் உண்மை வருமானத்திற்கும் இடையில் இருந்த தூரத்தை எந்த ஒலிப்பதிவாலும் விளக்க முடியவில்லை. விசாரணை காணொளி வழியாக நடந்தது, அத்தை தமிழிலேயே பேசினார், சில மாதங்களில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. கட்டிய பிரீமியம் திரும்பியது. விற்ற இடம் வங்கி என்பதால், அதன் நடத்தையைப் பற்றி ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மேன் திட்டத்தின் கீழும் புகார் செய்திருக்கலாம். 2021 நவம்பர் 12 இல் தொடங்கிய அந்தத் திட்டத்திற்கு 14448 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. அத்தைக்கு அதற்கு மேல் அலைய மனமில்லை. நானும் வற்புறுத்தவில்லை, இன்று வற்புறுத்தியிருக்கலாம் என்று தோன்றுகிறது. பணம் திரும்பியதோடு நாம் ஓய்ந்துவிட்டால், அடுத்த வாடிக்கையாளரிடம் அதே விற்பனை நடக்கும்.

இத்தனைக்கும் அம்மா ஏன் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்திட்டார் என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவரைப் பொறுத்தவரை வங்கிக்குள் கொடுக்கும் பணம் எங்கும் போகாது. அந்த நம்பிக்கை மூடநம்பிக்கையன்று. 1960 இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்து, சேமித்தவர்கள் தவித்த பிறகு, 1962 ஜனவரி 1 முதல் வைப்புத்தொகைக் காப்புறுதி தொடங்கியது. அன்று 1,500 ரூபாய்க்கு மட்டும் இருந்த உத்தரவாதம், 1993 இல் ஒரு லட்சமாகி, 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சமாக இருக்கிறது. இரண்டு தலைமுறைகளாக ஒழுங்குமுறை கட்டியெழுப்பிய அந்த நம்பிக்கையைத்தான், அதே மேசையில் அமர்ந்து, அந்த உத்தரவாதத்திற்குள் வராத வேறொரு பொருளை விற்பதற்கு முதலாக்கிக்கொள்கிறார்கள். இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் அதிகமாக வலித்தது. இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளங்களை அதனால்தான் இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். வைப்புத்தொகைக்கு வங்கி தன் பெயரில் வைப்புச் சீட்டு தரும், அதில் வட்டி விகிதத்திற்கு ஒரே எண், முதிர்வுத் தொகைக்கு ஒரே எண் என்றுதான் இருக்கும். காப்பீட்டிற்குத் தரும் பயன் விளக்கப் பட்டியலில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு பத்திகள் இருக்கும். அவை வெறும் அனுமானங்கள். அம்மாவிடம் காட்டப்பட்ட கூடுதல் வட்டி, அந்த இரண்டாம் பத்தியின் 8 தான். என்னை எச்சரித்த 6,750 ரூபாய் அடையாளம் மட்டும் இனி உதவாது, ஏனென்றால் 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்திற்கு வரி நீக்கப்பட்டுவிட்டது. வரிச்சுமை குறைந்தது நல்லதே, ஆனால் ஒன்றரை லட்சம் இப்போது பாஸ்புக்கில் ஒன்றரை லட்சமாகவே தெரியும். பற்றுப் பதிவில் யாருடைய பெயருக்குப் பணம் போயிருக்கிறது என்பதை இன்னும் கவனமாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

கமிஷன் என்னும் வேர் இன்னும் அப்படியே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரீமியத்தின் முதலீட்டுப் பகுதிக்கு முன்கூட்டிய கமிஷன் கூடாது என்று, மத்திய அரசு அமைத்த சுமித் போஸ் தலைமையிலான குழு 2015 இலேயே பரிந்துரைத்தது. காப்பீட்டில் அது இன்றுவரை நடக்கவில்லை. 2023 ஏப்ரலில் தனித்தனிப் பாலிசிகளுக்கு இருந்த கமிஷன் வரம்பும் எடுக்கப்பட்டு, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கான வரம்போடு இணைக்கப்பட்டது. வெளியேறும் வாசலை அகலமாக்கிய ஆணையமே, உள்ளே தள்ளும் கையைத் தளர்த்தி விட்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புதிய விதிகளின் வரைவுகளை ஆணையம் பொதுமக்கள் கருத்துக்காகத் தன் தளத்தில் வெளியிடுகிறது. அம்மாவின் படிவ நகலையும், அத்தையின் வழக்கின் விவரத்தையும் பெயர் நீக்கி எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்து இது தொடர்பான வரைவு வரும்போது அனுப்புவதற்காக.

மீண்ட பணத்தை அம்மா தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது, பீரோவில் இருந்த உறைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்ததைப் பார்த்தேன். மின்வாரிய அறிவிப்பு, கருவூலக் கடிதம், திருமண அழைப்பிதழ் என்று எல்லாவற்றிலும், அது வீட்டுக்கு வந்து சேர்ந்த தேதியை அம்மா எழுதி வைத்திருந்தார்.